முள் காட்டாத வயது

2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு பழைய கைக்கடிகாரம் 31 லட்சம் சுவிஸ் பிராங்கைத் தாண்டி விலைபோனது. ஒமேகா நிறுவனம் 1957இல் வெளியிட்ட ஸ்பீட்மாஸ்டர் வகையின் முதல் மாடல் அது. கறுப்பாக இருந்த டயல் காலப்போக்கில் காப்பி நிறத்துக்கு வந்திருந்தது; சேகரிப்பாளர்கள் அந்த நிறத்துக்காகவே உயிரை விடுவார்கள். ஏலத்துக்கு முன் போட்ட மதிப்பு 1 லட்சம் பிராங்கை ஒட்டித்தான் இருந்தது. அதைப்போல முப்பது மடங்கு கொடுத்து வாங்கியது ஒமேகாவேதான், தன் அருங்காட்சியகத்தில் வைப்பதற்காக. 2023 ஜூனில் அதே ஒமேகா ஓர் அறிவிப்பு வெளியிட்டது: பல பழைய கடிகாரங்களிலிருந்து எடுத்த பாகங்களைக் கோத்து உருவாக்கிய கடிகாரம் அது, தன் முன்னாள் ஊழியர்கள் மூவருக்கு இதில் பங்குண்டு.

பாகங்களில் பெரும்பாலானவை அசல்தான். அவற்றைச் சேர்த்து ஒரே கடிகாரம் என்று சொன்னதுதான் பொய். பழைய வாட்சைச் சோதிப்பதில் உள்ள சிக்கலும் சுவையும் இங்கேதான் இருக்கின்றன. சாவி கொடுத்து ஓடும் கைக்கடிகாரம் ஒன்றில் ஏறக்குறைய நூறு பாகங்கள் இருக்கும். உலோகம், பெயின்ட், பிளாஸ்டிக், செயற்கை மாணிக்கம் என்று ஒவ்வொன்றும் தனக்குரிய வேகத்தில், தனக்குரிய விதத்தில் மூப்படைகிறது. எல்லாம் பிறந்த நாள் முதல் ஒன்றாகவே இருந்திருந்தால், கேட்கும்போது எல்லாம் ஒரே ஆண்டைத்தான் சொல்ல வேண்டும். ஏதாவது ஒன்று வேறு ஆண்டைச் சொன்னால், அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அந்தக் காரணத்தைத் தேடுவதுதான் சோதனை.

எண்களில் தொடங்கலாம், அவை எளிது. பழைய சீக்கோ கடிகாரத்தின் பின்மூடியில் வெட்டியிருக்கும் வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தைக் குறிக்கும், இரண்டாவது மாதத்தைக் குறிக்கும். எண் 93 என்று தொடங்கினால், ஏதோ ஒரு பத்தாண்டின் ஒன்பதாம் ஆண்டு, மார்ச் மாதம். 1969ஆ, 1979ஆ என்பதை எண் சொல்லாது. அதற்கு டயலில் உள்ள வாசகத்தைப் படிக்க வேண்டும். எந்தக் கடிகாரத்தையும் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1968இல் விதிமுறை வகுத்தது. அதையொட்டி 1970 வாக்கில் சீக்கோ அந்தச் சொல்லைக் கைவிட்டு ‘வாட்டர் ரெசிஸ்ட்’ என்று அச்சிடத் தொடங்கியது. பின்மூடியில் ஒன்றும் டயலில் இன்னொன்றும் இருந்தால், இரண்டில் ஒன்று பிற்பாடு வந்து சேர்ந்தது என்று சந்தேகப்படலாம். ஒமேகாவின் மெஷின் எண் 1944இல் ஒரு கோடியைத் தொட்டது. அதை அளவாக வைத்து முன்பின் ஆண்டுகளைக் கணிக்கிறார்கள். முதல் உலகப் போர்க்கால வெள்ளிக் கடிகாரங்களுக்கு இன்னும் நல்ல சாட்சி உண்டு. வெளிநாட்டில் செய்த வெள்ளி, தங்கக் கேஸ்கள் பிரிட்டனுக்குள் வந்தால் அங்கே தரம் பார்த்து முத்திரை குத்த வேண்டும் என்று 1907இல் சட்டமானது. அந்த முத்திரையில் ஆண்டுக்கு ஓர் எழுத்து உண்டு. எழுத்தைப் படித்தால் ஆண்டு தெரிந்துவிடும்.

ஆனால் எண்ணையும் எழுத்தையும் வெட்ட ஒரு கருவி போதும். பின்மூடியைக் கழற்றி இன்னொன்றில் மாட்ட ஐந்து நிமிடம் போதும். ஆகவே எண் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, பொய் சொல்லத் தெரியாத பாகங்களை நோக்கிப் போவது நல்லது.

காதில் வைத்துப் பார்ப்பது அப்படி ஒரு சோதனை. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சாதாரணக் கைக்கடிகாரங்களின் உள்ளே முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீல் மணிக்கு 18,000 முறை அடித்தது. அதாவது வினாடிக்கு 5 முறை. மணிக்கு 28,800, அதாவது வினாடிக்கு 8 என்னும் வேகம் 1960களின் பிற்பகுதியில்தான் பரவத் தொடங்கியது. ஐந்தைக் காது ஓரளவு பிரித்துக் கேட்கும். எட்டு ஒன்றோடொன்று ஒட்டி ஓடும். 1940களின் கடிகாரம் என்று ஒருவர் நீட்டுவது வினாடிக்கு எட்டு அடி அடித்தால், உள்ளே இருக்கும் மெஷின் அந்தக் காலத்தது ஆகாது. டயல் எவ்வளவு பழையதாகத் தோன்றினாலும் சரி.

எனக்கு இவை எல்லாவற்றிலும் பெரிய வியப்பு, மணி எண்களின் மேலும் முட்களின் மேலும் பூசிய ஒளிரும் பூச்சு. ஒரு பொட்டு அளவுகூடத் தேறாத அந்தப் பூச்சுக்குள் அணுக்கருவின் கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சாவி கொடுக்க வேண்டாம். யாராலும் அதை நிறுத்தவோ திருப்பி வைக்கவோ முடியாது.

மேரி கியூரியும் பியர் கியூரியும் 1898இல் ரேடியத்தைக் கண்டறிந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே அது பெயின்டுக்குள் வந்துவிட்டது. துளியிலும் துளியாக ரேடிய உப்பு, அதனோடு துத்தநாக சல்பைடுத் தூள், இரண்டையும் பிடித்துவைக்கும் பசை. பச்சையாக ஒளிர்வது துத்தநாக சல்பைடுதான். ரேடியம் விடாமல் ஆல்பா துகள்களை வீசுகிறது. ஒரு துகள் சல்பைடுப் படிகத்தில் மோதும்போது அங்கிருக்கும் எலக்ட்ரான்கள் கிளர்ந்தெழுந்து, மீண்டும் தம் இடத்துக்குத் திரும்புகையில் பெற்ற ஆற்றலை ஒளியாக விடுகின்றன. வெளிச்சமே படாத பதுங்குகுழியில் இருந்த சிப்பாய்க்கு மணி தெரிந்தது இதனால்தான். பெண்களின் நகையாகக் கருதப்பட்டுவந்த கைக்கடிகாரத்தை ஆண்கள் பரவலாகக் கட்டத் தொடங்கியதும் முதல் உலகப் போரில்தான்.

அந்த வெளிச்சத்துக்குக் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்ச் என்ற ஊரிலும் வேறு சில ஊர்களிலும் இளம்பெண்கள் வரிசையாக உட்கார்ந்து டயல்களில் இந்தப் பெயின்டைத் தீட்டினார்கள். தூரிகை முனை கூராக இருக்க அதை உதட்டில் வைத்து ஈரப்படுத்தச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ரேடியம் கால்சியத்தின் இனம். உடம்புக்குள் போனால் எலும்பு அதைக் கால்சியம் என்று எடுத்துக்கொள்ளும். பற்கள் உதிர்ந்தன, தாடை எலும்பு அரித்துப்போனது, பலர் செத்தார்கள். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. அந்தக் காலத்து டயலைப் பார்க்கும்போதெல்லாம், அதன் எண்களைப் பெரும்பாலும் ஒரு பெண் கையால் எழுதியிருப்பாள் என்பது எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது.

வயது கணிப்பவருக்கு ரேடிய டயல் ஒரு விசித்திரத்தைக் காட்டுகிறது. ரேடியத்தின் அரையாயுள் 1,600 ஆண்டு. எண்பது ஆண்டு ஆன டயலில்கூட அது நூற்றுக்கு நான்கு பங்கு குறைந்திருக்காது. அப்படியானால் டயல் இன்றும் அன்றுபோலவே ஒளிர வேண்டுமல்லவா? இருட்டில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. காரணம், பல ஆண்டுகளாக ஆல்பா துகள்களின் அடியை வாங்கி வாங்கித் துத்தநாக சல்பைடுப் படிகம் சிதைந்துவிட்டது. அடிப்பவனுக்குக் களைப்பில்லை, அடிபட்டது ஓய்ந்துவிட்டது. ஆகவே 1940ஐச் சேர்ந்தது என்று சொல்லப்படும் கடிகாரத்தின் டயல் இரவில் பளிச்சென்று ஒளிர்ந்தால், அந்தப் பூச்சு 1940இல் பூசியது அல்ல.

ஓய்ந்துவிட்டது என்றேன், முழுதும் ஓயவில்லை. கும்மிருட்டான அறையில் கால் மணி நேரம் உட்கார்ந்து கண்ணை இருளுக்குப் பழக்கிக்கொண்டு, மூடிய கண்ணாடிக்கு வெளியே பத்து மடங்கு உருப்பெருக்கியை வைத்துப் பழைய ரேடிய டயலைப் பார்த்தால், எண்களின் மேல் மிக நுண்ணிய பொறிகள் இங்கும் அங்குமாகத் தோன்றி மறைவதைக் காணலாம். ஒவ்வொரு பொறியும் ஓர் ஆல்பா துகள் மோதியதால் எழுந்தது. ஓர் அணு தன் கருவுடைந்த கணத்தை நம் கண்ணுக்கு நேராகக் காட்டுகிறது. வில்லியம் குரூக்ஸ் 1903இல் இதைப் பார்ப்பதற்கென்றே ஒரு சிறு கருவி செய்தார். 1909இல் மான்செஸ்டரில் ரூதர்போர்டின் ஆய்வகத்தில் கெய்கரும் மார்ஸ்டனும் துத்தநாக சல்பைடுத் திரையில் விழுந்த இதே பொறிகளை இருட்டில் உட்கார்ந்து எண்ணினார்கள். தங்கத் தகட்டில் மோதிய துகள்களில் சில திரும்பி வருவதைக் கண்டார்கள். அணுவுக்குள் ஒரு கரு இருக்கிறது என்று 1911இல் உலகத்துக்குத் தெரிந்தது இப்படித்தான். அந்த ஆய்வகத் திரையில் இருந்த அதே பொருள்தான் தாத்தா காலத்துக் கடிகாரத்தின் எண்களில் இருக்கிறது.

ரேடியம் இன்னொரு தடயத்தையும் விட்டுச்செல்லும். கடிகாரம் நின்று பல ஆண்டு பெட்டிக்குள் கிடந்திருந்தால், முட்கள் நின்ற இடத்துக்கு நேர் கீழே டயலில் ஒரு பழுப்பு நிழல் படிந்திருக்கும். முள்ளில் பூசிய ரேடியம் டயலை மெல்ல மெல்லச் சுட்ட தழும்பு அது. முட்களை நகர்த்தி அந்த நிழலின் மேல் வைத்துப் பாருங்கள். வடிவமும் நீளமும் ஒத்துப்போனால், இந்த முட்களும் இந்த டயலும் நெடுங்காலம் சேர்ந்திருந்தவை என்று நம்பலாம். இதைவிட நேர்மையான சான்றைக் கடிகாரத்தில் நான் அறிந்ததில்லை.

1960களின் தொடக்கத்தில் ரேடியத்தை ஒதுக்கிவிட்டு டிரிட்டியத்துக்கு மாறினார்கள். டிரிட்டியம் ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். அது வீசும் பீட்டா துகள் மிக நோஞ்சான். காற்றிலேயே 6 மில்லிமீட்டருக்கு மேல் போகாது, கடிகாரக் கண்ணாடியைத் தாண்டவே தாண்டாது. அதன் அரையாயுள் 12.3 ஆண்டு. 1965இல் பூசிய டிரிட்டியத்தில் 2014 வாக்கில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். டயலின் அடியில் ஸ்விஸ் என்ற சொல்லுக்கு இரு பக்கமும் ஆங்கில டி எழுத்து இருந்தால், அது டிரிட்டியத்தின் அடையாளம். சில டயல்களில் டி எழுத்தோடு 25 என்ற எண்ணும் இருக்கும். 25 மில்லிகியூரிக்கு உட்பட்ட கதிரியக்கம் என்று பொருள். ரோலெக்ஸ் இந்தக் குறியை 1990களின் பிற்பகுதி வரை அச்சிட்டது.

மூன்றாவதாக வந்தது கதிரியக்கமே இல்லாத பூச்சு. ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993இல் ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டைக் கொண்டு ஒரு புதிய நிறமியை உருவாக்கியது. பகல் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரவு முழுக்க மெல்ல விடும் பொருள் அது. இன்றைய கடிகாரங்களின் ஒளிரும் பூச்சுகளில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவை.

இப்போது சோதனை எளிதாகிவிடுகிறது. கையில் ஒரு கெய்கர் கருவியும், கடைகளில் ரூபாய் நோட்டைப் பார்க்க வைத்திருக்கும் புற ஊதா விளக்கும் இருந்தால் போதும். கருவியைக் கண்ணாடி மேல் வைத்ததும் படபடவென்று அடித்தால் உள்ளே ரேடியம். ரேடியத்தின் வழித்தோன்றல்கள் விடும் காமாக் கதிர் கண்ணாடியையும் எஃகையும் கடந்து வரும். டிரிட்டியத்துக்குக் கருவி அசையாது. அடுத்து இருட்டில் புற ஊதா விளக்கை அடித்து அணையுங்கள். பழைய டிரிட்டியப் பூச்சு சட்டென்று ஒளிர்ந்து விரைவிலேயே மங்கும். ஸ்ட்ரான்சியம் அலுமினேட் மணிக்கணக்கில் மின்னும். 1968 என்று விற்கும் கடிகாரம் அப்படி மின்னினால், 1993க்குப் பிறகு யாரோ அதில் கைவைத்திருக்கிறார்கள். முட்கள் ஒரு விதமாகவும் டயல் இன்னொரு விதமாகவும் மங்கினால், இரண்டும் வேறு வேறு கடிகாரத்திலிருந்து வந்திருக்கக்கூடும்.

பழுப்பேறிய பூச்சுக்கு விலை கூடுதல் என்பதால், புதிதாகப் பூசிவிட்டு டீத்தண்ணீராலும் அடுப்புச் சூட்டாலும் பழுப்பேற்றுகிறார்கள். கண்ணை ஏமாற்ற அது போதும், அரையாயுளை ஏமாற்றாது.

ஓர் எச்சரிக்கை. ரேடிய டயலை வீட்டில் திறக்கவோ சுரண்டவோ கூடாது. பூச்சு உதிர்ந்து தூளாகி மூச்சில் போனால், டயல் தீட்டிய அந்தப் பெண்களுக்குச் செய்ததை நமக்கும் செய்யும். மூடிய நிலையில், காற்றோட்டமுள்ள இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பதே முறை.

எல்லாப் பாகமும் ஒரே ஆண்டைச் சொன்னால்தான் அசல் என்று இவ்வளவு நேரம் சொன்ன பிறகு, அதற்கு மாறான ஒன்றைக் காட்ட வேண்டும். பிரிட்டிஷ் விமானப்படையின் வழிகாட்டிகளுக்காக சுவிட்சர்லாந்தின் ஐடபிள்யூசி நிறுவனம் 1940களின் இறுதியில் செய்யத் தொடங்கிய மார்க் 11 என்ற கடிகாரம் அது. விமானத்தில் உள்ள காந்தப்புலம் பேலன்ஸ் வீலை ஆட்டும் ஹேர் ஸ்பிரிங்கைத் தொடாதபடி மெஷினைச் சுற்றி மெல்லிரும்பால் ஒரு கூடு கட்டியிருப்பார்கள். பின்மூடியில் அரசாங்கச் சொத்து என்பதற்கான அம்புக்குறி, 6பி/346 என்ற கிடங்கு எண், சாய்கோட்டுக்குப் பின் வழங்கிய ஆண்டு. அந்த ஆண்டு சிலவற்றில் 51 என்று இருக்கும். திருப்பி டயலைப் பார்த்தால், வட்டத்துக்குள் ஒரு டி எழுத்து. 1951இல் ஏது டிரிட்டியம்? நாம் கற்ற பாடத்தின்படி இது ஒட்டுப்போட்ட கடிகாரம்.

ஆனால் மாற்றியது அரசாங்கமே. ரேடியம் ஆபத்து என்று தெரிந்த பின் பாதுகாப்புத் துறை தன் கையிருப்பில் இருந்த கடிகாரங்களைத் திரும்ப எடுத்து, ரேடிய டயல்களைக் கழற்றி டிரிட்டிய டயல்களைப் பொருத்தி மறுபடி வீரர்களுக்கு வழங்கியது. ஆகவே 51 என்ற பின்மூடியும் வட்ட டி டயலும் சேர்ந்திருப்பது அந்தக் கடிகாரத்தின் உண்மையான வரலாறு. இதை அறியாத ஒருவர் அதைப் போலி என்று ஒதுக்குவார். இன்னும் மோசம், ‘சரிசெய்வதாக’ நினைத்து எங்கிருந்தோ ஒரு ரேடிய டயலைத் தேடிப் பொருத்தி, இருந்த வரலாற்றையும் அழித்துவிடுவார். முரண்பாட்டைக் கண்டதும் தீர்ப்பு எழுதக் கூடாது. யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜெனீவாக் கடிகாரத்துக்கு அந்தப் பதில் இல்லை. மார்க் 11க்கு இருக்கிறது.

பின்மூடியின் உட்பக்கத்தையும் மறக்காமல் பார்க்க வேண்டும். சாய்வாக வெளிச்சம் அடித்து உருப்பெருக்கியில் பார்த்தால், ஊசியால் கீறிய பொடி எழுத்துகள் தென்படும். பழுது பார்த்தவர்கள் வைத்த குறிப்புகள்: ஒரு தேதி, ஒரு ரசீது எண், யாருடையது என்று நமக்குத் தெரியாத இரண்டு எழுத்துகள். உலகத்தில் பல ஊர் வாட்ச் ரிப்பேர்க்காரர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. ஒன்றன் கீழ் ஒன்றாக நான்கைந்து கீறல்கள், வெவ்வேறு கையெழுத்தில், சிலவற்றில் ஆண்டோடு. முதல் கீறலில் 1958 என்றிருந்தால், அந்தப் பின்மூடி அதற்கு முன்பே பிறந்துவிட்டது. திருகுகளின் தலையையும் பாருங்கள். உள்ளே நான்கு முறை ஆள் போய்வந்ததாகக் கீறல்கள் சொல்ல, திருகுகளில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை என்றால், மூடியும் மெஷினும் சேர்ந்து வளர்ந்தவை அல்ல.

நம் ஊரில் பழைய வாட்ச் தேடுபவர் கைக்குப் பெரும்பாலும் வந்துசேர்வது எச்எம்டி. மாப்பிள்ளைக்கும், பரீட்சையில் தேறிய பிள்ளைக்கும், ஓய்வுபெற்ற வாத்தியாருக்கும் வாங்கிக் கொடுத்த கடிகாரம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் ஆலை தொடங்கினார்கள். முதல் தொகுதியை வெளியிட்டவர் நேரு. 1980களில் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து ஓசூரில் தொடங்கிய டைட்டனின் குவார்ட்ஸ் கடிகாரங்கள் சந்தையைப் பிடிக்க, எச்எம்டி தேய்ந்தது. 2016இல் மத்திய அமைச்சரவை அதை மூட ஒப்புதல் அளித்தது.

சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்று அழைக்கும் ஒரு வகை உண்டு. பழைய மெஷினை எடுத்து, டயலைச் சுரண்டி, ஆரஞ்சு, நீலம், பச்சை என்று புதுப் பெயின்ட் அடித்து, பேரும் அச்சடித்து விற்பார்கள். எச்எம்டியும், 1865 முதல் இந்தியாவில் வணிகம் செய்த ஃபேவர் லூபாவும் இதில் மாட்டிக்கொண்டன. இதைக் கண்டுபிடிக்க அணுவரை போக வேண்டாம், பத்து மடங்கு உருப்பெருக்கி போதும். ஆலையில் அச்சான எழுத்தின் ஓரம் வெட்டினாற்போல் இருக்கும், நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக வந்து நிற்கும். மறு அச்சில் எழுத்து ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் இளைத்தும் இருக்கும், கோடுகள் குறிகளைத் தப்பி விலகும். ‘பாரா ஷாக்’, ‘17 ஜுவல்ஸ்’ என்ற பொடி வாசகங்களில்தான் கை முதலில் தடுமாறும். அறுபது ஆண்டு ஆன கேஸின் ஓரமெல்லாம் தேய்ந்து வழவழப்பாகியிருக்க, டயல் மட்டும் நேற்று வாங்கியதுபோல் இருந்தால் உருப்பெருக்கிகூட வேண்டாம்.

புள்ளி விழுந்த டயலோடு ஓர் எச்எம்டி ஜனதாவும், பளபளக்கும் டயலோடு ஒரு ஜனதாவும் ஒரே விலைக்குக் கிடைத்தால், நான் புள்ளி விழுந்ததைத்தான் எடுப்பேன். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, மெஷினைக் கழுவி எண்ணெய் போட்டால் போதும், டயலைத் துடைக்க வேண்டாம் என்று ரிப்பேர்க்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஈரத்துணி பட்டால் பழைய அச்சு துணியோடு வந்துவிடும்.